சீர்த்தட்டில் வந்த கம்ப்யூட்டர்

சொந்தக்காரர்களை நம்பிக் கல்யாணம் செய்துகொள்ளலாம், புது வீடு குடிபோகலாம், ஏன், பத்துமலைக்குக் காவடிகூட எடுக்கலாம். கம்ப்யூட்டர் மட்டும் கட்டக் கூடாது. இதை நான் யாரிடமோ கேட்டுச் சொல்லவில்லை. பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகைப் பூவோடு, இரண்டு வீட்டு ஆட்கள் பார்க்கப் பார்க்கப் பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன்.

அப்போது நான் சுங்கை வேயில் ஒரு கேபினட் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் அலமாரி, சமையலறை எல்லாம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே வரைந்து காட்டுவதுதான் என் வேலை. வரைவது நான், கைதட்டு வாங்குவது மேனேஜர். இனிமேல் என் வேலைக்கு நானே கைதட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். கிள்ளானில் ஒரு வீட்டுக்காரர் என்னை நம்பி முதல் வேலையும் கொடுத்திருந்தார். என் நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரமே முடித்துத் தர வேண்டும். இருந்ததோ ஒரு பழைய லேப்டாப். அதில் ஒரு சோபாவுக்கு வெளிச்சம் போட்டால் மேசையே கொதிக்கும்.

எனக்கும் விக்கிக்கும் நிச்சயதார்த்தம் முடிவாகியிருந்த நேரம் அது. நாங்கள் பண்டமாரான், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். விக்கி வீடு பிரிக்பீல்ட்ஸ், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவன் அம்மா அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதிகம் பேச மாட்டார்; கேட்பார். நான் வேலையை விட்ட செய்தி போனதும் ஃபோனில் அழைத்தார்.

"அப்ப மாதச் சம்பளம் இல்லையோ?"

"இல்ல ஆன்டி. சொந்த பிசினஸ்."

"அப்ப கலியாணத்தை ஆறுதலா வைப்பமே? உமக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கட்டும்."

கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "நிச்சயத்தன்னிக்கு வாங்க ஆன்டி. உங்க முன்னுக்கே பாகத்தெல்லாம் சேர்த்து நானே கம்ப்யூட்டர் பூட்டி, நான் செய்யற வேலைய உங்களுக்குக் காட்டறேன். அதுக்கப்புறம் நாள் பாருங்க" என்றேன். (அந்த வயதில் எனக்கு இருந்த தைரியத்தைப் பாட்டிலில் அடைத்து விற்றிருந்தால் கம்ப்யூட்டர் கடையையே வாங்கியிருக்கலாம்.)

கடையில் விற்கும் ரெடிமேட் கம்ப்யூட்டர் எனக்கு எட்டாது. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டினால் அதே காசுக்கு இன்னும் நல்லதாகக் கிடைக்கும். வீடியோ பார்த்துப் பார்த்து இந்தக் கலையில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டதாக எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். ஆனாலும் பட்ஜெட் இடித்தது. அப்போதுதான் அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. எங்கள் பக்கத்து நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் சீர், பெரியம்மா சீர், சித்தி சீர் என்று தட்டுத் தட்டாக வரும். அம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து வந்த ரைஸ் குக்கர்களில் பாதி இன்னும் பெட்டியோடு எங்கள் ஸ்டோரில் கிடக்கின்றன. அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு பாகம் வாங்கித் தந்தால் என்ன?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாகங்களை எழுதிப் போட்டேன். ஏலம் அப்படிச் சூடு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

முதல் ஆளாக அழைத்தது என் தாய்மாமா. கிள்ளான் துறைமுகத்தில் நாலைந்து லோரி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் அவர் ஹாரன் அடித்தால்தான் மற்றவர்கள் நகர முடியும்.

"இதுல எதுமா ரொம்ப விலை?"

"கிராபிக்ஸ் கார்டு மாமா. படத்த எல்லாம் அதுதான் வரையும்."

"அது மாமாவோடது. வேற யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

அடுத்தது சாலாக் செலாத்தானில் இருக்கும் பெரியம்மா. மாமாவோடு அவருக்கு என் அம்மா கல்யாணத்திலிருந்தே போட்டி. "எது பெருசு?" என்றார். எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் கேசிங்தான் பெரியது என்றேன். "அதுதான் பெரியம்மாவோடது. ரெண்டு பேர் தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கணும். லைட்டு எரியுமா?" எரியும் என்றேன். "எல்லாக் கலரும் எரியணும்" என்றார்.

செய்தி மாமாவுக்குப் போய்விட்டது. கார்டு வரும் பெட்டி எவ்வளவு பெரியது என்று அளவு கேட்டார். சொன்னேன். மனம் உடைந்துபோனார். "மாமா குடுக்கறது தெரியணும்லா" என்று கலர் கலராக எரியும் ஃபேன்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பளபளப்பைப் பார்த்து ரேமைச் சித்தி எடுத்தார். மதர்போர்டு, ப்ராசசர், எஸ்எஸ்டி எல்லாம் மீதிச் சொந்தங்களுக்குப் போயின. கடைசியில் நின்றது ஒன்றே ஒன்று: பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி.

அதை மாமாவிடமே கேட்டுப் பார்த்தேன்.

"வெளிய தெரியுமா?"

"தெரியாது மாமா. பின்னால, அடியில இருக்கும்."

"லைட்டு?"

"இல்ல மாமா."

"அப்ப எதுக்கும்மா? கரண்டுதான் சுவத்துலயே வருதே!"

மற்றவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். சரி, இது ஒன்றை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கெத்தாக அறிவித்தேன். அதற்காகக் காசும் எடுத்து வைத்திருந்தேன். அந்த வாரம்தான் நிச்சயதார்த்த ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். கையில் மயில் வேலைப்பாடு போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார் தையல் அக்கா. ஒரு மயிலோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கைக்கும் ஜோடி மயில் போட்டேன். பவர் சப்ளை பட்ஜெட்டைப் பாதியாக வெட்டி, ஆன்லைன் மலிவு விற்பனையில் பெயர் தெரியாத ஒன்றை வாங்கினேன். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் நிறைய வாட் போட்டிருந்தது. கையில் எடுத்தால் பிஸ்கட் டின் மாதிரி லேசாக இருந்தது. கனமில்லாமல் இருக்கிறதே, எவ்வளவு நவீனம் என்று மெச்சிக்கொண்டேன். (பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்றுதான் எல்லா வீடியோவும் ஆரம்பிக்கும். அந்த இடத்தை நான் வேகமாக ஓட்டிவிடுவேன்.)

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். தட்டுகள் வரிசையாக வந்தன. வெற்றிலைக்கு மேல் கிராபிக்ஸ் கார்டு, குங்குமப் பொட்டோடு மதர்போர்டு, வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் ரேம். பெரியம்மாவின் கேசிங் எந்தத் தட்டிலும் அடங்காமல் நிஜமாகவே இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா முகம் கறுத்தது. தட்டுகளை எண்ணிப் பார்த்தால் இரட்டைப்படை. சீர் என்றால் ஒற்றைப்படைதான் வர வேண்டும். அம்மா பதறிப்போய் ஒரு தட்டு லட்டு சேர்த்துக் கணக்கைச் சரிசெய்தார். ஆக, பவர் சப்ளை இருந்திருக்க வேண்டிய இடத்தில் லட்டு இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். விக்கியின் அம்மா நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். நான் கேட்காமலே திருகாணிகளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தந்தார். இது என்ன, அது எதற்கு என்று கேட்டபடியே இருந்தார். எதற்கும் நான் தடுமாறவில்லை. விரல்கள் பறந்தன, வாய் அதைவிட வேகமாகப் பறந்தது. பார்த்துக்கொண்டிருந்த விக்கியே லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ராகு காலத்துக்கு முன்ன சுவிட்சத் தட்டிரும்மா" என்று அம்மா அவசரப்படுத்தினார். முதலில் கொஞ்சமாகப் பூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. நேரமில்லை. கேசிங்குக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஆன்டியைப் பார்த்து ஒரு புன்னகை விட்டுப் பட்டனை அழுத்தினேன்.

ஃபேன்கள் சுழன்றன. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தன. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மாமா, "அந்த ஃபேன் எல்லாம் நம்மளோடது" என்று சம்பந்திகள் பக்கம் திரும்பினார்.

படார்!

பின்பக்கத்திலிருந்து ஒரு நெருப்புப் பொறி, அப்புறம் கரும்புகை. வீடு முழுக்க மின்சாரம் டிரிப் ஆகி, சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜ், நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக அடங்கின. "எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்திய மாமாதான் முதலில் வெளியே போனார். பெரியம்மா லட்டுத் தட்டைக் காப்பாற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார். யாரோ ஆரத்தித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர, "ஊத்தாதீங்க!" என்று அலறியபடி விக்கி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

புகை கலைந்தபோது ஹாலில் நகராமல் இருந்தவர் ஒருவர்தான். விக்கியின் அம்மா அதே நாற்காலியில், மிச்சத் திருகாணிகளோடு உட்கார்ந்திருந்தார்.

"வெடிச்சது எது, பிள்ளை?"

"பவர் சப்ளை, ஆன்டி."

"அது ஆர் தந்தது?"

"நாங்க இல்லங்க!" என்று வாசலிலிருந்து மாமாவும் பெரியம்மாவும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அதுதான்.

"நான் வாங்கினது, ஆன்டி" என்றேன். "கொஞ்சம் மலிவா எடுத்துட்டேன். உள்ளதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு..."

அவர் பார்வை மெதுவாக என் கைக்கு வந்து, நாலு மயில்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தது.

"ஜாக்கெட் வடிவா இருக்கு" என்றார்.

வடிவு என்றால் அவர்கள் வழக்கில் அழகு. பாராட்டுத்தான். அந்தப் பாராட்டுக்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருக்கலாம். வெளியே தெரிவதற்குத்தான் காசு போடுவோம் என்று நின்ற மாமாவையும் பெரியம்மாவையும் ஒரு மாதமாக விக்கியிடம் கேலி செய்து சிரித்தவள் நான். அவர்களாவது அடுத்தவர் கம்ப்யூட்டரில் செய்தார்கள். நான் என் சொந்தத் தொழிலில் அல்லவா செய்திருந்தேன்! கல்யாணம் தள்ளிப் போகும், மறுபடியும் சுங்கை வே, மறுபடியும் அதே மேனேஜர் என்று மனசுக்குள் படம் ஓடியது.

"இப்ப அந்த முதல் வேலைக்கு என்ன செய்யப்போறீர்?"

அழுதால் கம்ப்யூட்டர் ஓடாது. "இப்பவே போய் நல்லது ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுவேன், ஆன்டி. இன்னிக்கே" என்றேன். கல்யாண மேக்கப்புக்கு என்று அலமாரியில் வைத்திருந்த காசு ஞாபகத்துக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விக்கி காரை எடுத்தான். "நானும் வாறன். வீட்டுக்குப் போற வழிதானே" என்று அவன் அம்மா பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஊர்ந்து ஊர்ந்து புக்கிட் பிந்தாங் போய்ச் சேர்ந்தோம்.

கம்ப்யூட்டர் மாலில் பட்டுப்புடவையோடு நுழைந்தவள் அன்றைக்கு நான் ஒருத்திதான். கடையிலிருந்த சீன அங்கிள், இன்றைக்குக் கல்யாணமா என்று மலாயில் கேட்டார். நாளைக்கு வேலை இருக்கிறது, பவர் சப்ளை எடுங்கள் என்றேன். அவர் முதலில் காட்டியதைத் திருப்பித் தள்ளினேன். கிராபிக்ஸ் கார்டு திடீரென்று எவ்வளவு மின்சாரம் இழுத்தால் தாங்கும், எத்தனை வருஷ வாரன்ட்டி, உள்ளே கோளாறு வந்தால் மற்றதைக் காப்பாற்றித் தானே நின்றுகொள்ளுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மூன்றாவது பெட்டியை எடுத்தேன். வாரன்ட்டியில் ஒரு சந்தேகம் வந்தது. அவர் முன்னாலேயே இணையத்தில் தேடி, அவர் சொன்ன வருஷக் கணக்கு தப்பு என்று காட்டினேன். பேச்சை மாற்றி விலையைக் குறைத்தார்.

ஆன்டி பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இது நல்ல பாரமா இருக்கு."

"நல்லதுன்னா பாரமாத்தான் இருக்கும், ஆன்டி. உள்ள சாமான் இருக்குல்ல. நான் வாங்கினதுல காத்துதான் இருந்துச்சு."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

பிரிக்பீல்ட்ஸில் வீட்டு வாசலில் இறங்கியவர், கார்க் கதவைச் சாத்தாமல் குனிந்து விக்கியிடம் சொன்னார்: "ஐயரிட்ட நாள் பார்க்கச் சொல்லு." என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டியை நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை. ஓடுமா ஓடாதா என்று எனக்கே தெரியாது.

ஓடியது. மாமாவின் கார்டுக்கு ஒன்றுமில்லை, பெரியம்மாவின் கேசிங்கில் கொஞ்சம் கரி, சித்தியின் ரேம் நலம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பிய பிறகுதான் குடும்பம் மூச்சு விட்டது. முதல் வேலையைச் சொன்ன நாளில் கொடுத்தேன். கல்யாணத்துக்கு மேக்கப் நானே போட்டுக்கொண்டேன். ஆல்பத்தில் என் ஒரு புருவம் மட்டும் எல்லாப் படத்திலும் யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது எந்த விசேஷம் என்றாலும் மேடை அலங்காரத்துக்கும் கேக்குக்கும் ஆட்கள் முந்திக்கொண்டு கை தூக்கியதும் மாமா தொண்டையைச் செருமுவார். "அதெல்லாம் சரி, பவர் சப்ளை யாரு?" என்பார். கேஸ் சிலிண்டர், பாத்திரம் கழுவ ஆள், கார் நிறுத்த இடம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பெரும்பாலும் பெரியம்மா தலையில்தான் விழும்.

மாமியார் கதைதான் வேறு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் என்னை முன்னால் இழுத்துவைத்துத்தான் பேச்சே ஆரம்பிப்பார். "இவதான் எங்கட மருமகள். சொந்தத் தொழில். வீடு திருத்தப் போறீங்களெண்டா, என்ன மாதிரி வரும் எண்டு இவவிட்ட வரைஞ்சு வாங்குங்கோ, நல்லாச் செய்வா." நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எனக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சேர்ப்பார்:

"வயரிங்கை மட்டும் வேற ஆளிட்ட குடுங்கோ."