பொட்டு வைத்த ஸ்பேனர்

ஜாக்கியை முப்பது சுற்று சுற்றியும் கார் ஓர் அங்குலம்கூட மேலே எழும்பவில்லை. ஜாக்கிதான் மூன்று அங்குலம் கீழே போயிருந்தது.

"சுத்து, சுத்து, நிறுத்தாத தங்கச்சி," என்றார் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி. தன் வீட்டு மதில்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு காலையிலிருந்து அவர் அங்கேயேதான் இருக்கிறார்.

"சுத்திக்கிட்டுதாண்ணே இருக்கேன். அது பூமிக்குள்ள போவுது."

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டினால் வாசலில் மணல்தான் இருக்கும். சௌந்தரத்துக்கு இது தெரியாத விஷயமில்லை. "நம்ம வாசல்ல ஜாக்கி நிக்காது சௌந்தரம்" என்று அவள் கணவர் நடனசபாபதி பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் பேடு மாற்றுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு முதுநகர் பக்கம் சிமெண்டுத் தரையாகப் பார்த்துப் போய்விடுவார். மத்தியானம் திரும்பும்போது சட்டையில் கிரீஸ் இருக்கும், ஒரு கையில் பேடு வந்த காலி அட்டைப்பெட்டி அத்தாட்சிக்கு இருக்கும், இன்னொரு கையில் ஒரு கிலோ வஞ்சிரம் இருக்கும்.

"ஷோரூம்காரனுக்கு அழ வேண்டிய காசு, மீனா வந்திருக்கு பாரு," என்பார்.

அந்த மனுஷன் போய் நாளையோடு ஒரு வருடம்.

தலை திவசம் சிதம்பரத்தில், அவர் பிறந்த வீட்டில். மகன் மணிவண்ணன் சென்னையிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவான். வந்து கும்பிட்டு முடித்ததும் காரை விற்றுவிடுவது என்பது அவன் திட்டம். வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்துவிட்டான்.

"பிரேக் புடிச்சா கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னு நீயேதான சொன்ன?" என்றான் போனில். "ஷோரூம்ல வுட்டா காசைத் தீட்டிடுவான். அப்பா இருந்தாரு, அவரே பாத்துக்கிட்டாரு. நீ என்னா பண்ணுவ?"

"நானே மாத்துவேன்."

"நீயா?"

"உங்கப்பா எவன்கிட்டயும் குடுத்ததில்ல. நானும் குடுக்க மாட்டேன்."

"செரி. மாத்தி, அந்த வண்டியிலயே சிதம்பரம் வந்து சேரு. விக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்," என்று சிரித்தான். சௌந்தரம் சிரிக்கவில்லை.

அவளுக்கு அந்தக் கார் வேண்டும். வீட்டில் நடனசபாபதி பேப்பருக்குப் பின்னால் இருப்பார். கேட்டதற்கு உம் என்பார். வாய் திறந்து பேசுவதெல்லாம் காரில்தான். மாதம் ஒருமுறை சிதம்பரம் போவார்கள். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஆபீஸ் கதை முழுவதும் வந்துவிடும். அவளுக்கு வண்டி ஓட்டவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார், பீச் ரோட்டில், கத்திக் கத்தி. இந்த ஒரு வருடத்தில் அவள் அழுததெல்லாம் அந்தக் காருக்குள் உட்கார்ந்துதான். வீட்டில் அழுதால் யாராவது வந்து தேற்றிவிடுகிறார்கள்.

"அடியில பலகை வையி தங்கச்சி," என்றார் கலியமூர்த்தி. "முப்பது வருஷம் பஸ்ஸுல இருந்தவன் சொல்றேன்."

பஸ்ஸில் அவர் கண்டக்டராக இருந்தார். அதை அவர் யாருக்கும் ஞாபகப்படுத்துவதில்லை.

சௌந்தரம் உள்ளே போய் மனைப்பலகையை எடுத்து வந்தாள். அவர்கள் கல்யாணத்துக்கு உட்கார்ந்த பலகை. ஜாக்கியை அதன்மேல் வைத்துச் சுற்றினாள். கார் எழுந்தது. கலியமூர்த்தி கை தட்டினார். தட்டின கை ஓயவில்லை, பலகை படீரென்று இரண்டாகப் பிளந்து, கார் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் எங்களைத் தாங்கிச்சி," என்றாள். பலகைத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். சேரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

பிறகு கலியமூர்த்தி வீட்டுக் கொல்லையில் கிடந்த கடப்பாக்கல் வந்தது. அது தாங்கியது. ஆனால் சக்கரத்தைத் தூக்கிவிட்டு நட்டைத் திருகினால், நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. செல்போன் வீடியோவில் ஒரு பையன் "ரொம்ப ஈஸிதாங்க" என்று ஆரம்பித்து, நட்டை முதலில் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்பதை ஏழாவது நிமிஷத்தில் சொன்னான். பாழாய்ப் போனவன், அதை முதல் நிமிஷத்தில் சொல்லித் தொலைக்கக் கூடாதா? மறுபடி இறக்கி, ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்துத் தளர்த்தி, மறுபடி தூக்கினாள்.

அடுத்து பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்றான் பையன். டிக்கியில் இருந்த நடனசபாபதியின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்த ஸ்பேனர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது சௌந்தரம்தான். வருடாவருடம் வைத்த பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப்போய் அப்படியே இருந்தது. ஒரு பொட்டுகூட அழியவில்லை.

"பாருங்கண்ணே," என்று பெட்டியை மதில் பக்கம் தூக்கிக் காட்டினாள். "நான் வச்ச பொட்டு அழியக் கூடாதுன்னு, நுனியில புடிச்சே வேலை செஞ்சிருக்காரு மனுஷன். ஒருநாள் வாயத் தொறந்து சொன்னதில்ல."

"சபாபதி கையி அப்படி," என்றார் கலியமூர்த்தி. அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

உண்மையில் அந்தக் கை நடுவயதில் வந்த கை. அதற்கு முன்னால் பல்பு மாட்டவே ஆள் கூப்பிடுகிறவர் அவர். கார் வாங்கின புதிதில் சௌந்தரம் ஒருநாள் வாய் தவறி, "எங்க அண்ணன்னா ஒத்த ஸ்பேனரை வச்சிக்கிட்டு பஸ்ஸையே கழட்டிப் போட்ருவான்," என்று சொல்லிவிட்டாள். வாய் தவறி என்றால், ஒரு நாலைந்து தடவை. அதற்கடுத்த தடவை பேடு தேய்ந்தபோதுதான் மனுஷன் முதன்முதலாகக் கிரீஸோடு வந்து வாசலில் நின்றார். அவள் அண்ணன் பேச்சு அந்த வீட்டில் அன்றோடு நின்றுபோனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தாள். நுனியில் பிடித்தால் ஒன்றும் நகரவில்லை. முழுக் கையாலும் பிடித்து இழுத்ததும் போல்ட் கழன்றது. மூன்று வருடத்துப் பொட்டு அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அதற்காகவும் கொஞ்சம் அழுதாள்.

பழைய பேடு வெளியே வந்தது. பிஸ்கட் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"மொதல்ல பிரேக் ஆயில் பாரு," என்றார் கலியமூர்த்தி. பானெட்டைத் திறந்து பார்த்தாள். டப்பாவில் பாதிக்கும் கீழே இருந்தது.

"அதான! ஆயிலு இல்லாமதான் கத்துது. ரொப்பு."

நேற்று புது பேடு வாங்கும்போது கடைக்காரர் சேர்த்துத் தலையில் கட்டிய ஆயில் பாட்டில் இருந்தது. கழுத்துவரை ரொப்பினாள். பிறகு வீடியோ பையன் சொன்னபடி புது பேடுக்கு இடம் வர, பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ள ஆரம்பித்தாள். நீள ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து நெம்ப நெம்ப, பிஸ்டன் உள்ளே போனது. போகப் போக மேலே டப்பாவிலிருந்து ஆயில் பொங்கி வழிந்தது.

"பொங்குது! பொங்குது!" என்று கத்தினார் கலியமூர்த்தி.

"யாருண்ணே ரொப்பச் சொன்னது?"

"பஸ்ஸுல இப்படிப் பொங்காது!"

ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரியும் என்று பையன் பத்தொன்பதாவது நிமிஷத்தில் சொன்னான். சௌந்தரம் ஓடிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். வாசல் மணல் சேறானது. சேற்றில் முட்டி போட்டு, ஒரு பக்கம் மாட்டி, அடுத்த பக்கமும் கழற்றி மாட்டி, சக்கரங்களைப் பூட்டி நிமிர்ந்தபோது மணி இரண்டு. அவள் முழங்கையில் கிரீஸ், காதில் கிரீஸ், தலைமுடியில் கிரீஸ். அவருக்கு எப்போதும் சட்டையில், அதுவும் நெஞ்சுப் பக்கம் மட்டும் நாலு விரல் தடம்தான் இருக்கும். எவ்வளவு சுத்தமான வேலைக்காரர் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு மெதுவாக நகர்த்தினாள். பிரேக்கை மிதித்தாள்.

பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போனது.

மறுபடி மிதிக்கத் தோன்றவில்லை. காலையிலிருந்து மதிலைவிட்டு நகராத கலியமூர்த்தி அப்போதுதான் நகர்ந்தார். ஹேண்ட் பிரேக்கை அவள் இரண்டு கையாலும் இழுத்தபோது, கார் அவர் நின்ற இடத்தை முட்டி, மதிலின் மேல்வரிசைச் செங்கல் நாலைக் கீழே தள்ளிவிட்டு நின்றது.

சௌந்தரம் இறங்கவில்லை. இதுவே சிதம்பரம் ரோடாக இருந்தால்? முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போயிருந்தால்?

சீட்டில் கிடந்த பழைய அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அவர் கடைசியாக அத்தாட்சிக்குக் கொண்டு வந்த பெட்டி. அதைக் காட்டித்தான் நேற்று பேடு வாங்கினாள். ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்பில் 'தேவசகாயம், முதுநகர்' என்றும், கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது. அவர் வாங்குகிற கடையாக இருக்கும். அதற்குப் போன் போட்டாள்.

"நடனசபாபதி சார் வீட்லேருந்து பேசறேன். பேடு மாத்துனேன். பெடலு கீழ போயிடுச்சி..."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"வண்டிய நகத்தாதீங்கம்மா. இதோ வரேன்."

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் ஒருவன் வந்து இறங்கினான். நாற்பத்தைந்து வயதிருக்கும். உடம்பெல்லாம் கிரீஸ். அப்போ இவன் கடைக்காரன் இல்லை, மெக்கானிக். அவளைக் கும்பிட்டுவிட்டு நேராகப் பானெட்டுக்குப் போனான். அந்தப் பானெட் வலது மூலையில் முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். அது வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அவன் யாரையும் கேட்காமல் முழங்காலால் ஒரு இடி கொடுத்துத் திறந்தான்.

ஆயிலைப் பார்த்தான். சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலு தடவை மிதித்தான். சௌந்தரத்தை ஏற்றிக்கொண்டு பீச் ரோடுவரை போய், ஐந்தாறு இடத்தில் பிரேக் பிடித்து, திரும்பி வந்தான். ஒரு கீச்சு இல்லை.

"ரெண்டு பக்கமும் சரியாத்தாம்மா மாட்டியிருக்கீங்க," என்றான். "பேடு மாத்துனா, உள்ள தள்ளுன பிஸ்டன் திரும்பி வர பெடலை நாலு மிதி மிதிச்சிட்டுத்தான் வண்டிய எடுக்கணும். அது ஒண்ணுதான் வுட்டுட்டீங்க."

"அந்த ஒண்ணுல ஒரு உசுரு போயிருக்கும் தம்பி."

"போவலையேம்மா."

"இல்ல. எனக்கு மனசு வுட்டுப்போச்சி," என்றாள் சௌந்தரம். படியில் உட்கார்ந்தாள். "பதினோரு வருஷத்துல அவரு ஒரு தப்பு பண்ணதில்ல. ஒரு செங்கல்ல இடிச்சதில்ல. இந்தா, இந்த ஸ்பேனரைப் பாரு, நான் வச்ச பொட்டு அழியாம வேலை செஞ்ச மனுஷன். ஒரு நாள் புடிச்சேன், எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அவரு கையி எனக்கு எப்படி வரும்? எம்புள்ள சொல்றதுதான் சரி. குடுத்துடறேன்."

போனை எடுத்து மணிவண்ணன் நம்பரைத் தேடினாள். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை.

தேவசகாயம் ஸ்பேனரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதற்குப் பின்னாலேயே அவன் கண்ணும் கலங்கியது.

"போன் பண்ணாதீங்கம்மா," என்றான். "சார் காரியத்தன்னைக்கு நானும் வந்தேன். தெருமுனையிலயே நின்னு கும்புட்டுட்டுப் போயிட்டேன். உங்க கண்ணுல படவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."

"சத்தியமா? எதுக்கு?"

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்து, அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"சார் இதைத் தொட்டதே இல்லம்மா. எங்க பெஞ்சுல உக்காந்து டீ குடிப்பாரு, நான் மாத்துவேன். கெளம்பறப்ப, 'தேவா, எங்க பூசுனா அவ நம்புவா'ன்னு சட்டைய நீட்டுவாரு, நாலு விரலால நெஞ்சுல நான்தான் பூசி அனுப்புவேன். உங்க வீட்டுல பிரேக் பேடு மாத்துன மொத ஆளு நீங்கதாம்மா."