இருநூறு டன் ஸ்டெல்லா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் நைனாதான். எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிட்டே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. புரோகிராம் மக்கர் பண்ணினால் மானிட்டரின் தலையில் தட்டி, "இன்னா நைனா, காலைல நாஷ்டா துன்னலியா?" என்பார். அது பயந்துபோய் ஓடும். சத்தியமாக.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம். திருவொற்றியூரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களைக் கணக்கு வைக்கும் புரோகிராமை நைனா எழுதுவார். அதைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பது எர்ணாவூர் ஸ்டெல்லா. ஊரையே அதட்டுகிறவர், ஸ்டெல்லா பக்கத்தில் வந்தால் மட்டும் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். காரணம் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். "தெர்ஞ்சிதுன்னா மூஞ்சி குட்த்தே பேசாது நைனா" என்று என்னிடம் புலம்புவார்.

ஒருநாள் ஒரு கன்டெய்னரின் எடை தப்பாக வந்தது. ஓடுகிற புரோகிராமை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்க டீபக்கர் என்று ஒன்று உண்டு. எது என்ன வகை, அதற்குள் என்ன இருக்கிறது என்று காட்டும். ஸ்டெல்லா அதைத் திறந்தாள். கன்டெய்னர் வகைக்கு, நைனா எழுதியதில் எங்கு பார்த்தாலும் 'பெட்டி' என்றுதான் பெயர் இருக்கும். திரையிலோ, வகை: ஸ்டெல்லா. எடை: இருநூறு டன்.

"இன்னாது, நான் எரநூறு டன்னா கீறேன்?"

"டீபக்கர் பேஜாரு பண்ணுது நைனா! கலீஜு சாப்ட்வேரு!" என்று பதறினார் நைனா.

அவள் விடுவாளா? எழுதியதை ஓடுகிற புரோகிராமாக மாற்றுகிற கம்பைலை மறுபடி பண்ணினாள். ஸ்டெல்லாதான். பழைய ஃபைல்களை அழித்துவிட்டுப் பண்ணினாள். அப்போதும் ஸ்டெல்லா. கடைசியில் நைனா எழுதியதையே திறந்து படித்தாள். மனுஷன் அந்த வகைக்கு முதலில் ஸ்டெல்லா என்று பெயர் வைத்து, அடுத்த வரியிலேயே 'பெட்டி' என்று மாற்றுப்பெயர் கொடுத்து, அதற்கப்புறம் பெட்டி பெட்டி என்றே எழுதித் தள்ளியிருந்தார். மறைத்தாயிற்று என்று நம்பிவிட்டார். டீபக்கர் ஞானஸ்நானப் பெயரைத்தான் சொல்லுவேன் என்று அடம்பிடித்துவிட்டது.

நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஸ்டெல்லா அந்த இரண்டு வரிகளையும் ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த ரெண்டாவது பேரு இன்னாத்துக்கு? எட்த்துடு. எடைய மட்டும் ஒயுங்கா போடு" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுந்து போனாள்.

நைனா உட்கார்ந்து ஒவ்வொரு 'பெட்டி'யாக அழித்து 'ஸ்டெல்லா' ஆக்கத் தொடங்கினார். ஒரே தட்டலில் எல்லாவற்றையும் மாற்ற வழி உண்டு, அவருக்கும் தெரியும். மனுஷன் சாயங்காலம் வரைக்கும் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை.