தாளாளர் ஐயாவுக்கு ஒரு கானா

தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு சின்ன வேலையைக் கொடுத்துவிட்டால் போதும், கேட்டதற்கு மேல் நாலு மடங்கு செய்து வைத்துவிடுவார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டவருக்கு மோர், முறுக்கு, விசிறி எல்லாம் வந்துவிடும். வந்தவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்கிற நப்பாசைதான். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த சமயத்தில்தான், எங்கள் பள்ளித் தாளாளரை அவர் உயிரோடு இருக்கும்போதே வழியனுப்பி வைத்தேன்.

(பதறாதீர்கள். மனிதர் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் இரண்டு இட்லி, சாயங்காலம் கடற்கரை ஓரமாக நடை.)

தென்காசிப் பக்கத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஓவிய ஆசிரியையாக வந்திருந்தேன். குடியிருப்பு திருவொற்றியூரில், ஒற்றை அறை. பள்ளியில் என்னை யாரும் வெறுக்கவில்லை. வெறுப்பதற்காவது கொஞ்சம் கவனிக்க வேண்டுமல்லவா? ஸ்டாஃப் ரூமில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். அந்த வட்டம் நான் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே மூடிவிட்டது. நான் ஸ்டோர் ரூமில், கால் உடைந்த பெஞ்சுக்கும் உச்சந்தலை நசுங்கிய உலக உருண்டைக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வாட்ஸ்அப்பில் நான் வரைந்த படத்தை ஸ்டேட்டஸாகப் போட்டால் பார்ப்பவர்கள் இரண்டே பேர்: வீட்டு ஓனர், எப்போதோ குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சுத் துணைக்காகக் கும்மிடிப்பூண்டி ரயிலில் கடைசி வரை போய் அதே ரயிலில் திரும்பி வருவேன். மகளிர் பெட்டியில் யாராவது, "கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா" என்பார்கள். நான் தள்ளி உட்காருவேன். அந்த வாரத்துக்கான உரையாடல் அத்துடன் முடிந்தது.

இந்த நிலைமையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கலைக்கல்வி என்பது எல்லாப் பிள்ளைகளின் பண்பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அருமையாகப் பேசினார்கள். கையோடு ஒரு கலைப்பெட்டியும் கொடுத்தார்கள். உள்ளே காய்ந்துபோன வண்ணக் குப்பிகள், ஒரு மயில் முகமூடி, 'நம் கலைகள்' என்றொரு படப் புத்தகம். பெட்டியை ஏழாம் வகுப்பில் திறந்து கரகாட்டம், மயிலாட்டம் என்று பக்கம் பக்கமாகக் காட்டினேன். முதல் பெஞ்சு நஸ்ரின் கை தூக்கினாள்.

"மிஸ், இதெல்லாம் எந்த ஊர்ல கீது?"

"நம்ம ஊர்லதான்."

"நம்ம ஊர்ல கம்பெனிதான மிஸ் கீது?"

அவள் கேட்டது நியாயம்தான். பெட்டியை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் என்ன கலை இருக்கிறது என்று கேட்டேன். நஸ்ரினின் பெரியப்பா கல்யாண வீடுகளில் தஃப் அடித்துப் பாடுவாராம். சடையங்குப்பத்துப் பையன் ஒருவன், வெள்ளம் வந்தபோது மொட்டை மாடியில் "பக்கெட்ட தட்டிகினு நாங்களே பாட்டு கட்னோம் மிஸ்" என்றான். கடைசியாக ஷாலினி எழுந்து, "எங்க நைனா கானா பாடுவாரு" என்றாள்.

"எங்கே பாடுவார்?"

"சாவுல, மிஸ்."

யாரோ சிரித்தார்கள். ஷாலினி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் தனியாகப் போய்விட்ட ஒரு முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி என்பதால், யோசிக்காமல் அறிவித்துவிட்டேன்: "கலைவிழா வைக்கிறோம். ஷாலினியின் அப்பாதான் முதல் நிகழ்ச்சி."

அறிவித்த பிறகுதான் அனுமதி கேட்கப் போனேன். தாளாளர் தாமோதரன் ஐயா மெதுவாகப் பேசுகிற மனிதர். மனைவி இல்லை. இரண்டு மகன்களும் வெளிநாட்டில். பள்ளி விட்ட பிறகும் அவர் அறையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

"ஸ்டெல்லா மிஸ் உங்க பீரியடைக் கணக்குக்குக் கேக்கறாங்கம்மா" என்றார். "பெத்தவங்களும் மார்க்கைத்தான் பாக்கறாங்க. நீங்க விழா நடத்துங்க, நான் வந்து பாக்கறேன். நல்லா இருந்தா டிராயிங் பீரியட் இருக்கட்டும். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

பீரியட் போனால் எனக்கு வேலை போகும். வேலை போனால் தென்காசியில் அண்ணன் வீட்டு ஹாலில், தையல் மிஷினுக்குப் பின்னால் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு பாய். அதை நினைத்ததும் வியாதி தலைக்கேறியது.

முதல் காரியமாகத் தாளாளரைப் பெரிய அளவில் வரைந்தேன். யாரும் வரையச் சொல்லவில்லை. மூக்கு முதலில் சரியாக வரவில்லை, மூக்கைத் திருத்தினால் தாடை கோணியது. கடைசியில் ஒரு மாதிரி கண்ணியமான, ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். சட்டம் போட்டு மேடை நடுவில் நாற்காலியில் வைத்தேன். தாளாளர் வந்ததும் கழுத்தில் போட வாங்கிய ரோஜா மாலையைத் தரையில் வைத்தால் கசங்கும் என்று படத்தின் மேலேயே மாட்டினேன். பக்கத்தில் குத்துவிளக்கு. கம்பெனிப் பக்கமிருந்து வாடை அடிக்கவே, ஒரு கட்டு ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்தேன். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, தாளாளர் வரும்வரை ஒரு சத்தம் வரக் கூடாது, வாயில் விரல் வையுங்கள் என்று மிரட்டினேன்.

(கவனியுங்கள். ஒரு படத்தில் எந்தப் பொருளை எதன் பக்கத்தில் வைத்தால் என்ன அர்த்தம் வரும் என்று பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான்.)

ஷாலினியின் அப்பா ஏகாம்பரம் பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர். அன்று காசிமேட்டில் ஒரு சாவுக்கு விடிய விடியப் பாடிவிட்டு, தூங்காமல் நேராக வந்தார். கூட டோலக்குடன் ஒரு தோஸ்து. வாசலிலேயே நின்று மேடையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். வாட்ச்மேனிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ விசாரித்தார். ஐயா பேர் என்ன, எத்தனை பிள்ளைகள், என்னென்ன நல்லது செய்தார் என்று கேட்டிருக்கிறார். சாவு வீட்டில் பாடப் போகிறவர்கள், செத்தவரின் சொந்தபந்தங்களைப் பாட்டில் ஏற்ற, முதலில் இதைத்தான் கேட்பார்கள். அது எனக்குத் தெரியாது. வாட்ச்மேனோ வரவேற்புப் பாட்டுக்குத் தகவல் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கொட்டித் தீர்த்துவிட்டார்.

பிறகு ஏகாம்பரம் என்னிடம் வந்தார். பல நாள் தூக்கம் கெட்டு என் கண்கள் சிவந்திருந்தன.

"மனச தேத்திக்கோ டீச்சர்" என்றார். "அயுதுடு. உள்ளயே வச்சிகினு இருந்தா பேஜாரு."

எனக்கு விழா பயம் என்று கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். தேம்பித் தேம்பி அழுதேன். அவர் தோஸ்தைப் பார்த்துத் தலையாட்டினார். சந்தேகம் கொஞ்சம் இருந்திருந்தால் அதுவும் என் அழுகையில் தீர்ந்தது.

டோலக் மெல்ல ஆரம்பித்தது. ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பள்ளிக்கூடம் கட்ன ராசா
பாதியில போனதெங்கே?
பெல்லடிச்சா வருவியான்னு
புள்ளைங்கதான் கேக்குதிங்கே..."

அந்தக் குரல் அப்படியொரு குரல். நான் வார்த்தைகளைக் கவனிக்கவே இல்லை. முன் வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்திருந்த அம்மாக்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். இன்னொருத்தி, "நேத்துகூட கேட்டாண்ட நின்னுகினு வணக்கம் சொன்னாரேடி!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் என் கை தொடையிலேயே நின்றது.

"கேட்டாண்ட நிக்குதய்யா
நீ வச்ச வேப்பமரம்
கேட்ட தொறந்து உள்ள வர
நீயில்லயே இந்நேரம்..."

கேட்டைத் திறந்துகொண்டு தாளாளர் உள்ளே வந்தார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் மேடையைப் பார்த்தார், மாலை போட்ட படத்தைப் பார்த்தார், முகம் வாடியது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கைகூப்பி வணங்கினார். என் பக்கத்து நாற்காலியில் ஓசைப்படாமல் உட்கார்ந்து, என் காதருகே குனிந்து கேட்டார்.

"யாரும்மா? உங்க அப்பாவா?"

என் ஓவியத் திறமைக்கு இதைவிடக் கறாரான விமர்சனம் இன்றுவரை வந்ததில்லை.

நான் பதில் சொல்வதற்குள் பாட்டு "தாமோதர மகராசா" என்று பேரையே சொல்லிவிட்டது. தாளாளர் நிமிர்ந்தார். படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பின்னால் இருந்த அம்மாக்கள் அவரைக் கண்டுவிட்டுக் கூச்சல் போட, ஒருத்தி நாற்காலியோடு சாய்ந்தாள். ஏகாம்பரம் கண் திறந்து நேராகத் தாளாளரைத்தான் பார்த்தார். படத்துக்கும் ஆளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதால் நெருங்கிய சொந்தக்காரர் என்று நினைத்து, அவரைப் பார்த்தே உருகி உருகிப் பாடினார்.

"சீமையில கீற மவன்
சேதி கேட்டு வந்துட்டானே
சின்னவனும் கூட வந்து
காலாண்ட குந்திட்டானே..."

நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். தாளாளர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"வந்துட்டானாம்மா?" என்றார், யாரிடமோ கேட்பதுபோல. "ரெண்டு பேருமா வந்தாங்க?"

பள்ளி விட்ட பிறகும் அவர் அறையில் எரிகிற விளக்கை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறேன். ஒரு நாள்கூட உள்ளே போய் "கிளம்பலையா சார்?" என்று கேட்டதில்லை. யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்குவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பாட்டு முடியும்வரை யாரையும் அவர் எழுந்திருக்க விடவில்லை. முடிந்ததும் அவர்தான் முதலில் கை தட்டினார். அப்போதுதான் விஷயம் தெரியவந்த ஏகாம்பரம் மேடையிலிருந்து குதித்து வந்து காலில் விழப்போனார்.

"மன்னிச்சிரு சார்! போட்டோ கீது, மாலை கீது, ஊதுவத்தி கீது, டீச்சர் வேற அயுவுது. நான் இன்னாத்த நெனைப்பேன்?"

"விடுப்பா. இதை அப்புறம் என்னால கேக்க முடியாது" என்றார் தாளாளர். அப்புறம் என்னிடம் திரும்பி, "டிராயிங் பீரியட் இருக்கட்டும்மா. ஆனா நீங்க என்னை மட்டும் வரையாதீங்க" என்றார்.

பிள்ளைகளைப் பார்த்தேன். இன்னும் வாயில் விரல் வைத்திருந்தார்கள். ஏன் ஒருத்தர்கூட முதலிலேயே சொல்லவில்லை என்று நஸ்ரினைக் கேட்டேன். "எங்களுக்கு அப்பவே டவுட்டுதான் மிஸ். நீங்கதான் பேசக் கூடாதுன்னீங்க."

அந்த வாரக் கடைசியில் ஷாலினி வந்து, "நைனா உங்கள வூட்டாண்ட சாப்பிடக் கூப்பிட்டாரு" என்றாள். போனேன். மீன் குழம்பு. எதிரில் யார் உட்கார்ந்தாலும் அவர் பேரில் ஒரு பாட்டுக் கட்டிக் கலாய்ப்பது அந்த வீட்டு வழக்கம். ஷாலினியின் அம்மாவுக்கு ஒன்று பாடினார், தோஸ்துக்கு ஒன்று பாடினார். என் முறை வந்ததும் தட்டின் விளிம்பில் தாளம் போட்டபடி, "சொல்லு டீச்சர், உனக்கு யாரு யாரு கீறாங்க? பேரு போடணும்" என்றார்.

"ஒரு அண்ணன்" என்றேன்.

"அப்பால?"

அப்பால் யாரும் இல்லை. மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். ஏற்கெனவே ஒதுக்கிய முள்ளை மறுபடி ஒதுக்கினேன். தாளம் நின்றுவிட்டது.

"எங்க கிளாஸப் போடு நைனா" என்றாள் ஷாலினி. விரலை மடக்கிக்கொண்டு நஸ்ரினில் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அவர் தாளம் போட்டு ஒவ்வொன்றையும் பாட்டில் ஏற்றினார். குழம்பு ஆறிப்போனது. பெயர்கள் தீரவில்லை.

ஷாலினி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்குப் பின் வந்த வகுப்புகளின் பெயர்களும் வருஷா வருஷம் பாட்டில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இன்றும் நான் சாப்பிடப் போனால் ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொள்வார்: "டீச்சர், நீ மட்டும் செத்துத் தொலைக்காதம்மா! உன் ஜனத்த பேரு சொல்லி முடிக்கறதுக்குள்ள என் தொண்டை கிழிஞ்சிடும்." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனாலும் ஒரு தடவை முழுசாகப் பாடச் சொல்லி, கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்புவேன்.