முடிக்க வேண்டிய போர்வை

கிளாட்வின் எழுந்தான். பல் தேய்த்தான். ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக் காபி போட்டுக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்து ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டான். பிறகு, தினமும் செய்வதுபோல், போர்வையைத் தரையில் விரித்தான்.

அன்று அது விரியவில்லை.

மூன்று பக்கம் தரையில் படிந்து கிடந்தது. நான்காவது பக்கம் அலை அலையாக எழுந்து நின்றது. ஓரத்தைக் காலால் மிதித்தான். நடுவில் எழுந்தது. நடுவில் மிதித்தான். ஓரம் எழுந்தது.

அந்த மூன்று பக்கமும் அவன் மனைவி மெட்டில்டா தைத்தவை. நான்காவது அவன் தைத்தது.

போர்வையின் நடுவில் ஓர் அச்சுத்துணி. பனி மூடிய ஒரு வீடு, வாசலில் ஒரு மான். புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிளாட்வின் சரக்கு எண்ணும் குமாஸ்தா. போலந்துக் கப்பல்காரன் ஒருவனிடம் அந்த அச்சுத்துணியை ஆசைப்பட்டு வாங்கி வந்தான்.

"இத வச்சு என்ன செய்ய?" என்று மெட்டில்டா கேட்டாள்.

"ஏதாவது செய்யேன்" என்றான்.

கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். செய்தாள். பழைய துணிகளை ஆறு மூலைத் துண்டுகளாக வெட்டி, உள்ளே தாள் வைத்து மடித்து, படத்தைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டு போனாள். ஆபீஸ் விட்டு வந்ததும் அவன், "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பான். தூக்கிக் காட்டுவாள். தூத்துக்குடியில் போர்வை போர்த்துகிறவர்கள் காய்ச்சல்காரர்கள் மட்டும்தான். அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

போன வருடம் மஞ்சள் காமாலையில் அவள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அந்த நேரம் கிளாட்வின் அவளுக்காக மீன் கம்பெனியில் ஐஸ் வாங்க நின்றிருந்தான். அவள் கடைசியாகச் சொன்னதை மாமியார் பிளாரன்ஸ்தான் அவனிடம் சொன்னாள். போர்வையை முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாமியார் மகளின் ஆண்டுப் பூசைக்காக அன்று மணப்பாட்டிலிருந்து வந்து இறங்கினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மருமவனே இது, பாய்மரமா?"

"கீழ்ப்பக்கம் கொஞ்சம் தூக்குது, மாமி."

"கொஞ்சமா? உள்ள ஒரு ஆளு ஒளிஞ்சிருக்க மாதிரில்லா இருக்கு!"

"சரி பண்ணிருவேன்."

"சனிக்கிழமை பூசை. அவ ஆத்மா எங்கன நிக்குன்னு நினைக்கிய? உத்தரிக்கிற ஸ்தலத்துல. ஊசியும் கையுமா உக்காந்திருக்கா எம் புள்ள. நீங்க இங்கன முடிச்சாத்தான் அவ அங்கன எந்திரிப்பா."

கிளாட்வின் கணிதப் பட்டதாரி. மோட்சத்துக்கு முன் ஆத்மாக்கள் காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புகிறானா என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அவள் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பதை அவனால் பார்க்க முடிந்தது. மாமியார் ஒரு வருடமாகச் சொல்லிவந்தது இதுதான்; அதனால்தான் தைத்தான்.

காம்பஸ் வைத்து வரைந்த அறுகோணங்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் மெட்டில்டா உள்ளே வைத்தது மெல்லிய தாள். அவன் வைத்தது ஆபீஸில் மிஞ்சிய சரக்கு அட்டை. தடித்த அட்டையின்மேல் மடித்த துணி ஒரு நூல் அளவு பெரிதாகும். பக்கம் முழுக்க நூல் நூலாகச் சேர்ந்து கடல் எழும்பிவிட்டது.

தையல்காரர் இசக்கியப்பனிடம் எடுத்துப் போனான்.

"இத தட்டையாக்கணும், அண்ணாச்சி."

"என்ன தம்பி இது, கூடாரமா?"

"போர்வை."

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு."

"அளவு கொண்டாந்தியளா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு இசக்கியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். மெட்டில்டாவின் அடக்கத்துக்கு வந்திருந்தவர் அவர். அந்தச் சங்கடத்தில் தேவைக்கு மேல் உழைத்தார்.

மறுநாள் போர்வை தட்டையாக இருந்தது.

"ஜாக்கெட்டுக்குப் பிடிக்க மாதிரி நாலு டார்ட் பிடிச்சிருக்கேன். மிச்சத்த வெட்டிட்டேன்."

கிளாட்வின் விரித்துப் பார்த்தான்.

"அது மிச்சமில்ல, அண்ணாச்சி. மூலை."

"மூலையா?"

"போர்வைக்கு நாலு மூலை உண்டு."

இசக்கியப்பன் எண்ணிப் பார்த்தார். மூன்றுதான் இருந்தது. வெட்டிய துண்டை அதற்குள் யாரோ சைக்கிள் துடைக்க எடுத்துப் போயிருந்தார்கள்.

மூலைக்குப் புதிதாகத் துணி வேண்டும். பழந்துணி மூட்டை காலி. வீட்டில் மிஞ்சியது மெட்டில்டாவின் நீல நிற வாயில் துணிச் சேலை ஒன்று. இந்த ஒரு வருடமாக அதை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தான்.

"அது வேண்டாம், மருமவனே" என்றாள் மாமியார்.

"வேற துணி இல்ல."

"உங்க வேட்டிய வெட்டுங்களேன்."

"வெள்ளை. பொருந்தாது."

வெட்டினான். கத்தரி புதிது, நன்றாக வெட்டியது. அறுகோணம் வெட்டினால் கழிவு நிறைய விழும். சேலையில் பாதி கழிவாகப் போயிற்று. அவளுடைய வாசனை மாலைக்குள் போய்விட்டது. அன்று தலைக்கு வைக்க ஒன்றுமில்லை. சரக்கு அட்டைக் கட்டை வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை நாலாவது மூலை முடிந்தது. போர்வையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனான்.

சாயங்காலம் வந்தபோது போர்வை கொடியில் தொங்கியது. கொடிக்கம்பம் சாய்ந்திருந்தது.

"கோயிலுக்குப் போற சாமான், அழுக்கோடயா போறது? கஞ்சி போட்டு அலசினேன்" என்றாள் மாமியார். "ஒரு பக்கம் மட்டும் செத்த மாடு கனம் கனக்கு. உள்ள என்னத்த வச்சியள், மருமவனே?"

"அட்டை."

"உருவலியா?"

"உருவணுமா?"

"தச்சி முடிச்சதும் உருவிரணும்லா! அவ உருவிருவாளே!"

"எனக்குத் தெரியாது, மாமி. அவ சொல்லல."

"சாகக் கிடக்கவ அதையுமா சொல்லுவா?"

கிளாட்வின் கிட்டே போய்ப் பார்த்தான். அட்டைகள் கூழாகியிருந்தன. அது பெரிதில்லை. ஒவ்வொரு சரக்கு அட்டையிலும் ஊதா மையில் ஓர் அம்புக்குறி முத்திரை உண்டு. இந்தப் பக்கம் மேலே என்று அர்த்தம். மை கரைந்து துணிக்கு வெளியே வந்திருந்தது. சரக்குக் குமாஸ்தா கனவில்கூடப் பெட்டியைத் தலைகீழாக வைக்க மாட்டான். அத்தனை அட்டையையும் அவன் அம்பு மேலே பார்க்கும்படியே வைத்துத் தைத்திருந்தான். இப்போது கீழ்ப்பக்கம் முழுக்க ஊதா அம்புகள். எல்லாம் மானைக் குறிபார்த்தன.

துவைகல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"கெட்டுப்போச்சு, மாமி."

மாமியார் கொடியருகே வந்தாள். அம்புகளைப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அம்புட்டும் மேல காட்டுது."

"அது ஆபீஸ் முத்திரை."

"நீங்க பேசாம இரிய. எம் புள்ள எந்திரிச்சிட்டா. ஏறிட்டா."

சனிக்கிழமை பூசையில் போர்வையைப் பீடத்துக்கு முன்னால் கிராதித் தடுப்பில் விரித்துப் போட்டார்கள். பங்குச் சாமியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஆத்துமம் மேல போறதக் காட்டுதோ? நல்லாருக்கே. யாரு யோசனை?"

"கப்பல் ஏஜெண்டு யோசனை, சாமி" என்றான் கிளாட்வின்.

சாமியார் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். மாமியார் சந்தோஷமாக அழுதாள். கிளாட்வின் முழங்காலில் இருந்தான். மெட்டில்டா ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்தான். போய்விட்டாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

வீட்டில் வந்தவர்களுக்கு ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். அவன் மூன்று ரொட்டி தின்றான். நாலாவதை எடுக்கும்போது, சுவரோரம் நின்றிருந்த ஒரு வயதான பெண் பக்கத்தில் வந்தாள்.

"அய்யா, நான் ஆஸ்பத்திரி ஆயா. பிச்சம்மாள். பெரியம்மா, உங்க மாமி, வரச்சொல்லி ஆள் விட்டிருந்தாக. அன்னைக்கு அந்தப் பிள்ள பக்கத்துல நான்தான் இருந்தேன்."

"உக்காருங்க. காபி குடிச்சியளா?"

அவள் உட்காரவில்லை. நாற்காலியில் மடித்துப் போட்டிருந்த போர்வையைப் பார்த்தாள்.

"இதா அந்தப் போர்வை? முடிச்சிட்டியளா?"

"முடிச்சாச்சு. அவ கடைசி ஆசைலா."

"ஆசையா?"

பிச்சம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். மாமியார் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆயா குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியம்மா அன்னைக்குத் தலையில அடிச்சிக்கிட்டு, என்ன சொன்னா என்ன சொன்னான்னு கேட்டாக. போர்வையப் பத்தித்தான் பேசிச்சுன்னேன். முடிக்கணும்னாளான்னு கேட்டாக. அழுதுக்கிட்டு இருக்கவகள்ட்ட என்னத்தச் சொல்ல? ஆமான்னுட்டேன்."

கிளாட்வின் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"அவ என்ன சொன்னா?"

"வலிக்குதாம்மான்னு கேட்டேன், அய்யா. இல்லன்னு தலைய ஆட்டிச்சு. பெறவு சிரிச்சிச்சு. நல்லாச் சிரிச்சிக்கிட்டேதான் சொல்லிச்சு: 'அப்பாடா, இனி அந்த எழவெடுத்த போர்வையத் தைக்க வேண்டாம்.'"