பாபநாசம் வழியாகக் காஷ்மீர்

"ஏங்க, அங்கன என்ன இப்படி இரையுது?"

மனைவி சாலோமியின் குரலில் கவலைதான் இருந்தது, சந்தேகம் இல்லை. ஆனாலும் பாக்கியசீலனுக்கு வியர்த்துவிட்டது. கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி எக்கி ஜன்னலைச் சாத்தினார். வெளியே தாமிரபரணி பாறைகளில் மோதிப் போகிற சத்தம் பாதிதான் அடங்கியது.

"லாரி," என்றார். "பெங்களூர் போற ரோடுல்லா. வரிசையாப் போகுது."

"ஓயாம ஒரே மாதிரி கேக்கே?"

"லாரி ஓயாமத்தான் போகும். சரி, வைக்கட்டா? இருட்டுக்குள்ள ஓசூர் தாண்டணும்."

"பைய மிதிங்க. கோவில்ல எல்லாரும் உங்களுக்காக ஜெபம் பண்ணுதாவ."

பேச்சை முடித்துவிட்டுப் பாக்கியசீலன் கட்டிலில் சாய்ந்தார். பெங்களூரும் ஓசூரும் எங்கோ இருந்தன. அவர் இருந்தது பாபநாசத்தில், ஆற்றைப் பார்த்த ஒரு சின்ன லாட்ஜின் மாடி அறையில். இடது முழங்கால் தலையணை மேல் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறவர் அவர். ஐம்பது வயது வரைக்கும் சாலோமி இல்லாமல் ஒரு இரவு வெளியூரில் தங்கியதில்லை. தும்மல் வந்தால் விடுப்பு எடுக்கிற ஆள் என்று அலுவலகத்தில் பெயர். அப்படிப்பட்டவர் சும்மா இருக்காமல், சபை மண்டபத்தில் தாணுமாலையன் பேசியதைக் கேட்கப் போய்விட்டார்.

தாணுமாலையன் உரக்கடைக்காரர். போன வருடம் தன்னந்தனியாகச் சைக்கிளில் காஷ்மீர் வரை போனவர். திரும்பி வந்ததிலிருந்து டவுனிலும் பாளையிலும் அவரை ஏற்றாத மேடை இல்லை. பதான்கோட்டில் ஒற்றைக் கை சர்தார்ஜி ஒருவர் தன்னை ரொட்டிக் கடையில் உட்காரவைத்து, ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்து, கட்டிப்பிடித்து அழுது வழியனுப்பிய கதையை அவர் சொன்னபோது மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பாக்கியசீலன் துடைக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டார்.

"நானும் போறேன் அண்ணாச்சி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

கியர் வைத்த சைக்கிள் வந்தது. பேண்டு வாத்தியம் வந்தது. போதகர் ஹேண்டில்பாரில் கை வைத்து ஜெபித்தார். தும்மலைக் கேலி செய்த அலுவலகமே மாலை போட்டது. சாலோமி அழுதாள், அழுதாலும் அவள் முகத்தில் அவர் இதுவரை பார்க்காத ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துக்கொண்டே வடக்கே மிதித்தார். கங்கைகொண்டானை நெருங்கும்போது ஒரு நாய் பாய்ந்து வந்தது. அது துரத்தியது ஒரு கோழியை. ஆனால் பள்ளத்தில் விழுந்தது பாக்கியசீலன்.

காஷ்மீருக்குக் கிளம்பியவர் மாவட்ட எல்லையைக்கூடத் தொடவில்லை. கழுத்து மாலை வாடுவதற்கு முன்னே நொண்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் நிற்பதா? அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தார் ஏற்றப் போன லோடு ஆட்டோ ஒன்று நின்றது. சைக்கிளோடு அதில் ஏறிப் பாபநாசத்தில் வந்து இறங்கினார். கால் கொஞ்சம் தேறியதும் சத்தமில்லாமல் கிளம்பிவிடலாம் என்பது திட்டம்.

லாட்ஜ் மேனேஜர் பரமசிவன் நல்ல மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. "சைக்கிளப் பின்னாடி வச்சிருதேன் சார், அங்கன இருந்தா யாரு கண்ணுலயும் படாது," என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கால் தேறுவதற்குள் பொய் வெகுதூரம் போய்விட்டது. தினமும் சாலோமி எங்கே என்று கேட்டாள். தினமும் அவர் வரைபடத்தைப் பார்த்து ஒரு ஊரைச் சொன்னார். அவருக்கு நொண்டிக்கொண்டு கழிப்பறை வரை போக முடிந்த நாளில் ஐதராபாத்தைத் தாண்டியிருந்தார். இனி நிஜமாகவே கிளம்பினாலும் தன்னைத் தானே எட்டிப் பிடிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது.

தாணுமாலையன் நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில் படம் கேட்டார்கள். அணைக்கட்டுப் பக்கமாகப் போய் ஒரு படம் எடுத்து, 'நர்மதைக் கரையில்' என்று எழுதி அனுப்பினார். மேலப்பாளையத்து வாழைக்காய் வியாபாரி அலி அஸ்கர் உடனே கூப்பிட்டார்.

"சார், உங்களுக்குப் பின்னால நிக்கது நம்ம ஊரு வாழைல்லா?"

"இங்கயும் வாழைதான் பாய்."

"அப்படியா? அல்ஹம்துலில்லாஹ்! நம்ம லாரி ஒண்ணு அந்தப் பக்கம்தான் வருது. டிரைவர்ட்ட உங்களுக்குப் பிரியாணி ஆக்கித் தரச் சொல்லுதேன். அப்படியே அந்தத் தோட்டத்தையும் காட்டிக் குடுத்துருங்க. எங்கன நிக்கீய?"

பாக்கியசீலன் அவசரமாக வரைபடத்தை வடக்கே நகர்த்தினார். "நான் அங்க இருந்து எப்பவோ கெளம்பிட்டேன் பாய். அது காலையில எடுத்த படம். இப்ப... ஜான்சி."

வாழைத்தோட்டத்திலிருந்து தப்பினார். ஆனால் சற்று நேரத்தில் தாணுமாலையன் கூப்பிட்டார்.

"என்ன வே, ஒரே பகல்ல நர்மதையில இருந்து ஜான்சியா?"

"எதிர்காத்து இல்ல அண்ணாச்சி."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"ஆமா," என்றார் தாணுமாலையன் மெதுவாக. "அங்கன காத்து அப்படித்தான்."

இவர் என்னை நோட்டம் பார்க்கிறார் என்று பாக்கியசீலனுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அந்த எண் திரையில் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். பயந்தபடியே, பஞ்சாபுக்குள் நுழைந்ததாக அவர் சொன்ன அன்று மறுபடியும் அழைப்பு வந்தது.

"பதான்கோட்டு வழியாத்தான போவீரு?"

"ஆமா அண்ணாச்சி. தாண்டிட்டேன்."

"தாண்டிட்டீரா?" தாணுமாலையனின் குரல் இறுகியது. "நம்ம சர்தார்ஜி... ரொட்டிக் கடை... பாத்தீரா வே?"

இது பொறி. இல்லை என்றால் அந்தப் பக்கமே போகவில்லை என்று ஆகிவிடும். பாக்கியசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாக்காம வரமுடியுமா? உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"என்னய... கேட்டாரா?"

"உங்க படத்தக் கடையில மாட்டி வச்சிருக்காரு அண்ணாச்சி."

"ஒத்தக் கையாலயா?"

"ஆணி அடிக்க ஆள் வச்சிருப்பாரு."

"பேரு சொன்னாரா?"

"சிங்."

"ஆமா," என்றார் தாணுமாலையன் நெடுமூச்சு விட்டு. "சிங்தான்."

வைத்துவிட்டார். பாக்கியசீலனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிடிபட்டாயிற்று, எப்போது சொல்வார் என்பதுதான் பாக்கி.

இனித் தாமதிக்கக் கூடாது. சட்டுபுட்டென்று காஷ்மீர் போய்ச் சேர்ந்துவிட்டால், ரயிலில் திரும்புவதாகச் சொல்லி வீட்டுக்குப் போய்விடலாம். அதற்குப் பனி வேண்டும்.

"பரமசிவன், கொஞ்சம் ஐஸ் வேணும்."

"எத்தன பெட்டி சார்?" என்றார் மேனேஜர். எதற்கு என்று கேட்கவில்லை.

மீன் மார்க்கெட்டிலிருந்து பெட்டி பெட்டியாக உடைத்த ஐஸ் வந்தது. லாட்ஜுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவரோரம் கொட்டிப் பரப்பினார்கள். உச்சி வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு சைக்கிளோடு நின்றார் பாக்கியசீலன். பரமசிவன்தான் படம் எடுத்தார்.

"சார், கொஞ்சம் நடுங்குங்க. ஆங்... அப்படித்தான்."

படம் போன மறு நிமிடம் சாலோமி கூப்பிட்டாள்.

"ஏங்க, பனிக்குள்ள நின்னுக்கிட்டு ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?"

"மல ஏறுன வேர்வை."

"ஐயோ கர்த்தரே! குளுருல வேர்த்தா அது நெஞ்சு வலி! கரோலின் டாக்டரம்மா சொல்லியிருக்காவ. நீங்க அங்கனயே படுங்க. நான் பிளேன் ஏறி வாறேன்!"

"நீ எதுக்கு வாற? எனக்கு ஒண்ணும் இல்ல!"

"என்னத் தவிக்கவிட்டுராதீங்க," என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நடிப்பில்லாத அழுகை. பாக்கியசீலனுக்கு முழங்காலைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "நாளைக்கே ரயில் ஏறிருதேன் தாயி," என்றுதான் வந்தது.

அவளை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டுக் குழுவைப் பார்த்தார். அலி அஸ்கர் எழுதியிருந்தார்: 'சார், உங்க காலுக்குப் பக்கத்துல பனிக்குள்ள கெடக்கது சாளை மீனா?'

பாக்கியசீலன் படத்தைப் பெரிதாக்கினார். சாளைதான். ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தன.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தபோது தாணுமாலையனின் பதில் வந்து விழுந்தது: 'அது ஏரி மீன். பனிக் காலத்துல கரையேறிக் கெடக்கும். நானும் பாத்திருக்கேன்.'

எல்லாரும் கைகூப்பினார்கள். பாக்கியசீலன் மட்டும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். இது உதவி அல்ல. ஊர் முன்னால் வைத்து ஒரேயடியாக அடிப்பதற்காக விட்டுப் பிடிக்கிறார்.

அதற்கேற்ற மாதிரி சாயங்காலம் சாலோமி சொன்னாள்: "நீங்க வந்ததும் பாராட்டு விழா. பாஸ்டர் ஐயா ஏற்பாடு பண்ணிட்டாவ. நீங்களும் தாணுமாலையன் அண்ணாச்சியும் ஒரே மேடையில இருந்து, ஜனங்க கேக்கதுக்குப் பதில் சொல்லணும்."

"அவரு... ஒத்துக்கிட்டாரா?"

"அதுதான் தெரியல. முடியாதுன்னு ஒத்தக் கால்ல நிக்காவ. வெளியூர் போகணுமாம்."

பொய்யனோடு சரிசமமாக உட்கார மாட்டேன் என்கிறார் என்று பாக்கியசீலன் புரிந்துகொண்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் ஜன்னலைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே ஒரு வாடகைக் கார் நின்றது. அதிலிருந்து தலையில் துண்டைப் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஓர் ஆள் இறங்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். துண்டு போட்டாலும் அந்தத் தொந்தியும் நடையும் மறையுமா? தாணுமாலையன்!

பாக்கியசீலன் கீழே மேனேஜரைக் கைப்பேசியில் கூப்பிட்டார். குரல் கிசுகிசுத்தது.

"பரமசிவன், இப்ப உள்ள வாற ஆளுகிட்ட நான் இருக்கேன்னு சொல்லிராதீங்க!"

"யாரு வந்தாலும் சொல்ல மாட்டேன் சார்."

"இந்த ரூம்ல ஆளே இல்லன்னு சொல்லுங்க!"

"காலியா இருக்குன்னா சார்?"

"ஆமா, காலியா கெடக்குன்னு அடிச்சுச் சொல்லுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் கீழே பேச்சுக் குரல் கேட்டது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். பாக்கியசீலன் கதவைத் தாழிட்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். அங்கே சுருட்டிப் போட்டிருந்த ஸ்வெட்டர் மீன் நாற்றம் அடித்தது.

செருப்பு அறைக்கு வெளியே நின்றது. கதவை யாரோ மெல்லத் தள்ளிப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமும் சத்தம். அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. சாலோமி. அதை வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தார். வெளியே நின்றவரும் அசையாமல் நின்றார். இருவருக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு. அவருடைய மொத்த மானமும் அதன் தாழ்ப்பாளில் தொங்கியது.

பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கியது.

கட்டிலுக்கடியில் கிடந்தபடியே பாக்கியசீலன் ஒரு முடிவுக்கு வந்தார். போதும். இவர் போய்ச் சொல்லி சாலோமிக்குத் தெரிவதைவிட, இவர் காலில் விழுந்து, இவரைக் கூடவே அழைத்துப்போய், தானே அவளிடம் சொல்லிவிடலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தத்தித் தத்தி இறங்கினார். வாசலுக்கு வருவதற்குள் கார் திரும்பி அம்பாசமுத்திரம் சாலையில் மறைந்துவிட்டது.

மேனேஜர் பரமசிவன் நிதானமாக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா? என்ன சொன்னாரு?" பாக்கியசீலன் மேசையைப் பிடித்துக்கொண்டார். "என்னப் பத்தி எல்லாம் தெரிஞ்சிருச்சா? என்னத் தேடித்தான வந்தாரு?"

பரமசிவன் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்கள எதுக்கு சார் தேடுதாவ? ரூமத்தான் தேடி வந்தாவ. நீங்க சொன்ன மாதிரியே காலின்னு சொல்லிட்டேன், சாயங்காலமே சாமானோட வந்துருவாவ; சைக்கிள்ல நேபாளம் போறாவளாம், போன வருஷம் காஷ்மீர் போனப்பவும் இதே ரூம்லதான் இருந்தாவ."