இறந்த பிறகு எழுந்து நடந்தது பற்றிய என் விளக்கம்

புர்னோ,
புதன்கிழமை.

பிரெஞ்சுக் காலாட்படையின் கேப்டனும், வீட்டு முறையில் என் ஒரே மாப்பிள்ளையுமான மதிப்பிற்குரிய ராடோவான் அவர்களுக்கு, மாமனார் போஹுமில் மாலிஷ் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான்காம் மாடியில் நான் இருமலைத் தவிர மற்றபடி நலம். ஐந்தாம் மாடியில் தாங்களும் என் மகள் இவெட்டாவும் நலம் என்பதைத் தலைக்கு மேல் கேட்கும் நடமாட்டத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

தாங்கள் அனுப்பிய பதிவுத் தபால் நேற்று கிடைத்தது. பதினெட்டுப் படி இறங்கி வந்து கதவைத் தட்டியிருந்தால் நேரிலேயே வாங்கியிருப்பேன், போகட்டும். சனிக்கிழமை ஆஸ்டர்லிட்ஸ் போரில் இறந்த பிறகு நான் எழுந்து நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படையிலிருந்து என் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் இதோ. கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், நான் பேசுவதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நான் முழு உடுப்பில் தயாராக இருந்தேன் என்பதைத் தாங்கள் மறுக்க மாட்டீர்கள். நீலக் கோட்டு, குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டை, முதுகில் ஆட்டுத்தோல் பை, தலையில் உயரத் தொப்பி, முழங்கால்வரை ஏறும் துணி உறையில் காலுக்கு இருபது பொத்தான். குனிந்து அந்த நாற்பது பொத்தானையும் போடுவதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும், என் இடுப்பைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். அப்படிப் போட்டு முடித்து நிமிர்ந்தபோதுதான் தாங்கள் சோதனைக்கு வந்தீர்கள். "மாமா, கைக்குள்ள பச்சையா என்னமோ தெரியுதே?" என்றீர்கள். தெரிந்தது குளிருக்குப் போட்ட தெர்மல் உள்ளாடை. "ஆயிரத்து எண்ணூத்து அஞ்சுல ஏது மாமா தெர்மல்? கழட்டுங்க. சொந்தக்காரர்னு விட்டா நாளைக்கு மத்தவன் என்னைக் கேக்க மாட்டானா?" என்றீர்கள். காலில் போட்டிருந்த தெர்மலையும் கழற்ற நாற்பது பொத்தானையும் அவிழ்த்து, மறுபடி நாற்பதையும் போட்டேன். பொத்தான் போட்டு நிமிர்ந்தால், "அந்த மூக்குக் கண்ணாடியும்" என்றீர்கள். வெளியே மைனஸ் இரண்டு. ஆக, மாப்பிள்ளை, உங்கள் படையில் அன்று நான் போருக்குப் புறப்பட்டது குளிரோடும் குருட்டோடும்.

அடுத்து, சாவு. ஊரில் யாருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, இருநூறு வருஷத்துக்கு முந்தைய போரை டிசம்பர்தோறும் வேஷம் கட்டி நடித்துக் காட்டுகிற நமக்குத்தான் தெரியும், எல்லோரும் கடைசிவரை சுட ஆசைப்படுவார்கள், ஒருவனும் தானாக விழ மாட்டான். அதனால் தாங்கள் பிறந்த மாதத்தை வைத்து விழச் சொல்கிறீர்கள். "ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பொறந்தவங்க ரெண்டாவது வெடியில சாவணும்!" என்று இந்த வருஷமும் கூவினீர்கள். நான் பிப்ரவரி. என் அம்மா செய்தது. நான்கு டிசம்பராக நான் இரண்டாவது வெடியில் செத்துக்கொண்டிருக்கிறேன், கடைசியில் நம் படை ஏறிப் பிடிக்கிற அந்தக் குன்றின் உச்சி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக்கூட நான் குறை சொல்லவில்லை. ஆனால் காய்ந்த இடத்தையெல்லாம் ஜனவரிக்காரர்கள் முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்கிறார்கள், பேக்கரி வைத்திருக்கும் ஒட்டகார் வைக்கோல் மேல்தான் வருஷா வருஷம் சாகிறார், அதற்கு ஒரு விசாரணை உண்டா? கண்ணாடி இல்லாத நான் புல் என்று நினைத்து விழுந்தது குட்டையில்.

விழுந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பக்கத்தில் ஒரு ரஷ்யப் பச்சைக் கோட்டு தொப்பென்று விழுந்தது. பெரிய மீசை. "கொஞ்சம் தள்ளிப் படுங்களேன், உங்க துப்பாக்கி விலாவுல குத்துது" என்றது.

"நான் செத்துட்டேன் ஐயா, நகரக் கூடாது" என்றேன். தங்கள் கட்டளையை நான் மீறவில்லை என்பதைக் கவனிக்கவும்.

"நானுந்தான் செத்துட்டேன். செத்தவங்களுக்குள்ள ஒரு மரியாதை வேண்டாமா? அப்புறம், ஐயா இல்லை, அம்மா. மீசை கரி."

இதற்குப் பிறகு நாங்கள் பேசியது ஊர் வம்பு அல்ல, படை விஷயம். அவர்கள் பக்கம் சாவதற்குப் பெயரை எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். "முப்பது வருஷமா லாட்டரி வாங்குறேன், பத்துக் காசு விழலை. இந்தத் தொப்பியில மட்டும் என் பேரு தவறாம விழுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிணம் குலுங்கியதற்கு மன்னிக்கவும்.

அப்போதுதான் அந்த அம்மாளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. ரயிலில் டிக்கெட் பார்த்து முப்பது வருஷம் நின்ற கால். "ஐயோ! ஐயய்யோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், "செத்த ரஷ்யாக்காரன் கத்துறாண்டி!" என்று தோழிக்குக் காட்டினாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள், கேப்டன்? முப்பத்திரண்டு வருஷம் டிராம் ஓட்டியவன் நான். படியில் ஒருவர் கால் தடுமாறினால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. எழுந்தேன். அவர் தோளுக்குக் கை கொடுத்து எழுப்பினேன். போர்க்களத்தின் நடுவே இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே நடந்தோம், சூடான ஒயின் கடை வரைக்கும், ஏனென்றால் உட்கார அங்கேதான் பெஞ்சு இருந்தது.

ஒலிபெருக்கிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அன்பார்ந்த பார்வையாளர்களே, பகையாளிங்க ரெண்டு பேரும் கைகோத்து சொர்க்கத்துக்குப் போறாங்க, பாருங்க!" என்றுவிட்டார், ஜனம் கைதட்டிவிட்டது. கைதட்டலைக் கேட்ட ஒட்டகார், "என்னப்பா, முடிஞ்சிருச்சா?" என்று வைக்கோலிலிருந்து எழுந்தார். அவரைப் பார்த்து ஜனவரி எழுந்தது, மார்ச் எழுந்தது, ரஷ்யப் பிணங்களும் எழுந்தன. ஒயின் கடையில் வரிசை எண்பது பேருக்கு நீண்டது, எல்லோரும் இறந்தவர்கள். சரியாக அந்த நேரம் பார்த்து, தாங்கள் வாளை உருவிக்கொண்டு குன்றின் உச்சியில் ஏறி "சக்கரவர்த்தி வாழ்க!" என்று முழங்கியிருக்கிறீர்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று இவெட்டா சொன்னாள். மறுநாள் பத்திரிகையில் குன்றின் படம் இல்லை, கடை வரிசையின் படம்தான் வந்திருக்கிறது. ஆறு மாதம் ஒத்திகை பார்த்தீர்கள். அதற்கு நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

அந்த அம்மாளுக்கும் எனக்கும் ஏதோ இருப்பதாகப் படையில் பேசிக்கொள்கிறார்களாம். சுத்தப் பொய். பெயர்கூட நான் கேட்கவில்லை. கணவர் காலமாகி ஆறு வருஷம் என்பதும், ஹொடோனினில் தனி வீடு என்பதும், முட்டைக்கோஸ் சூப்பில் சீரகம் கூடினால் பிடிக்காது என்பதும் மட்டும்தான் தெரியும். மற்றபடி ஒன்றும் தெரியாது. சனிக்கிழமைக்குப் பிறகு பார்க்கவும் இல்லை.

இனி நான் கேட்பது ஒன்றுதான். என்னை நீக்காதீர்கள், மாப்பிள்ளை. தங்கள் மாமியார் யார்மிலா போன பிறகு மூன்று மாதம் நான் வாசலைத் தாண்டவில்லை. அந்த நீலக் கோட்டைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஐந்து மாதம் கையால் தைத்தேன், ஊசி பிடிக்கக்கூட அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அதை மாட்டிக்கொள்கிற நாளில்தான் என்னை நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதையும் கழற்றிவிட்டால் எனக்கு டிவிதான் மிச்சம். அடுத்த டிசம்பரில் எந்தக் குட்டையில் விழச் சொன்னாலும் விழுகிறேன், பக்கத்தில் யார் கத்தினாலும் காது கேளாதவனாகக் கிடக்கிறேன், தெர்மலை இன்றே தானம் கொடுத்துவிடுகிறேன்.

தங்கள் வாள் துருப்பிடிக்காமலும், மீசை முறுக்குக் குலையாமலும், பதவி மேலும் மேலும் உயரவும் வாழ்த்துகிறேன். இவெட்டாவுக்கு என் ஆசிகள். படைவீரர்கள் அனைவருக்கும், ஒட்டகார் உட்பட, வணக்கம்.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
சிப்பாய் போஹுமில் மாலிஷ்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இந்தக் கடிதத்தை த்ரஹோமீரா வாங்கிப் படித்தார். அந்த அம்மாளின் பெயர் அதுதான். ஞாயிறும் பார்த்தேன், செவ்வாயும் பார்த்தேன், இன்று என் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். "கால் இழுத்துக்கிட்டவளைத் தூக்கிவிட்டதுக்கு இவ்வளவு கெஞ்சலா? உங்களுக்கு வெக்கமா இல்லை?" என்றார். யோசித்துப் பார்த்தேன், இல்லாமல் இல்லை. ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடவும். ஞாயிறு கூட்டத்துக்கு வர மாட்டேன், ரஷ்யப் படையில் சேர்ந்துவிட்டேன். பச்சைத் துணி வாங்கியாயிற்று, இந்தத் தடவை ஊசியும் நூலுமாக இரண்டு பேர் உட்கார்கிறோம். போர்க்களத்தில் என்னைக் கண்டால் மாமனார் என்று தயங்காமல் சுடுங்கள், நானும் மாப்பிள்ளை என்று பார்க்கப்போவதில்லை. இவெட்டாவிடம் ஒன்று சொல்லவும். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மேஜையில் ஒற்றைப்படையாக ஆள் உட்காரக் கூடாது என்று மூன்று வருஷமாக என் பக்கத்தில் ஒரு காலித் தட்டு வைக்கிறாள், நான் அதைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்து வருகிறேன். இந்த வருஷம் அந்தத் தட்டில் பரிமாறச் சொல்லுங்கள்.