கிழக்கே சூலம், முதுகில் மூட்டை

பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமல் தென்கிழக்கு ஆசியா முழுவதையும் கரைத்துக் குடித்த ஒரே மனிதர், எங்கள் மந்தைவெளி அடுக்குமாடியில் இருந்த பார்டர் மாமாதான். சந்தேகப்படுகிறவர்கள், வியட்நாமில் எந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்று அவரிடம் வாதாடி ஜெயித்துவிட்டு வரட்டும்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கியவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். வத்தக்குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், "அதெல்லாம் சரி, பார்டர்ல கேட்டா என்ன சொல்வேள்?" என்றுதான் முடிப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் திட்டப்படி தாய்லாந்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து லாவோஸ், வியட்நாம், கம்போடியா. முதுகில் மூட்டை, பஸ், படகு, மலிவான விடுதி. எல்லைகளைத் தரை வழியாகத்தான் தாண்ட வேண்டும். "பிளேன்ல போனா நாம போனதா அர்த்தமில்லை ஓய். கொண்டுபோய்க் கொட்டிட்டான்னு அர்த்தம்" என்பார்.

இந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்திலிருந்து மூன்று கோஷ்டிகள் ஜோராகப் போய்விட்டு வந்துவிட்டன. மாமா மட்டும் போகவில்லை. முதல் தடவை முழங்கால். அடுத்த தடவை மழை. மூன்றாவது தடவை, லாவோஸில் வாழைக்காய் கிடைப்பது உறுதியாகவில்லை. போனவர்கள் ஆளுக்கொரு காந்தப் பொம்மை வாங்கி வந்து கொடுப்பார்கள். அவர் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்.

நாலாவதாக மாட்டியவன் நான். நங்கநல்லூர் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போவதற்கே வாந்தி மாத்திரை போடுகிற உலகம் சுற்றும் வாலிபன், வயது ஐம்பது.

"மாமா, இவரக் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வர டிக்கெட்டுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் என் மனைவி சுதா. அவர் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "கூட நீங்க ஒட்டிக்கிட்டாதான் அவர் கெளம்புவார். இந்தத் தடவையும் அவர் ஃப்ரிட்ஜ் முன்னாடி நிக்கிறத என்னால பாக்க முடியாது."

ஒத்திகை தொடங்கியது. மந்தைவெளி ரயில் நிலையம் தாய்லாந்து. ஆழ்வார்பேட்டை லாவோஸ். தி.நகர் வியட்நாம். அடையாறு கம்போடியா. முதுகு மூட்டையில் அசல் எடைக்காக அரிசியும் துவரம் பருப்பும். ஆழ்வார்பேட்டை சிக்னல் வந்ததும் என்னை நிறுத்தி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதிகாரியாக மாறி விசாரிப்பார்.

"எதுக்கு வந்திருக்கே?"

"டிபன் சாப்பிட சார்."

"ரிஜெக்டட். மறுபடியும் தாய்லாந்து போய்ட்டு வா."

மறுபடியும் மந்தைவெளிக்கு நடந்தேன். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா சார், வூட்ல தொரத்திட்டாங்களா? குந்து, எங்க வுடணும்?"

"லாவோஸ்லேர்ந்து வியட்நாம் போயிண்டிருக்கோம்ப்பா. நடந்துதான் போகணும்" என்றார் மாமா.

டிரைவர் அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியவருக்கு மருந்து எதுனா குட்த்துக்கினு கீறியா நைனா?"

கம்போடியாவில் அதைவிட மோசம். மாமா சுத்த சைவம். பாஷை தெரியாத ஊரில் மீன் வேண்டாம் என்று சொல்ல அவரே ஓர் அபிநயம் கண்டுபிடித்திருந்தார். உள்ளங்கையை மீன் மாதிரி நெளித்து நீந்தவிட்டு, பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்ச வேண்டும். அடையாறில் ஒரு மெஸ்ஸில் வாயைத் திறக்காமல் அதைச் செய்து காட்டினார். பரிமாறுகிறவர் கண் கலங்காத குறையாக உள்ளே ஓடி, தட்டு நிறைய வஞ்சிரம் வறுவல் கொண்டுவந்து வைத்தார்.

"இம்மாம் பெரிய கும்புடு போட்டு யாரும் மீன் கேட்டதில்ல சார். பெரிய பீஸா பாத்து எட்தாந்தேன்."

மாமா நாற்காலியோடு பின்வாங்கினார். உணவை வீணாக்கக் கூடாதே என்று நான் சாப்பிட்டேன். கம்போடியா எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சுதா டிக்கெட் போட்டாள். சனிக்கிழமை பகல் விமானம். மாமா முகம் வெளுத்தது.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்! தாய்லாந்து எந்தத் திக்குல இருக்கு?"

"அப்ப மேற்கால சுத்திப் போறீங்களா மாமா?"

"விளையாடாதேம்மா. சூலத்துக்கு எதிர்க்கப் போகப்படாது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

சுதா விடுவதாக இல்லை. "பரஸ்தானம் வெச்சுடுங்க" என்றாள்.

மாமா மாட்டிக்கொண்டார். சாஸ்திரம் அவர் பக்கத்துச் சாஸ்திரம். நல்ல நாளில் மூட்டையை மட்டும் முன்கூட்டியே இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. வைத்த மூட்டையைத் திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது.

வியாழக்கிழமை இரண்டு மூட்டைகளும் கிழக்குப் பக்கத்து எதிர் வீட்டுக்குப் போயின. அது ஸ்டெல்லா டீச்சர் வீடு. பள்ளியில் ஓய்வு பெற்று, இப்போது சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர். ஆள் அடையாளம் இல்லாமல் மூட்டை மட்டும் எப்படிப் புறப்படும் என்று இருவர் பாஸ்போர்ட்டையும் மாமா அதற்குள்ளேயே வைத்துவிட்டார்.

"தாராளமா வைங்க. எப்போ கெளம்பறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"திங்கக்கிழமை" என்றார் மாமா.

வெளியே வந்ததும், "சனிக்கிழமைதானே மாமா?" என்றேன்.

"நிஜத்தைச் சொன்னா கண்ணு பட்டுடும் ஓய்."

சனிக்கிழமை காலை டீச்சர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. போன் அணைந்திருந்தது. சர்ச்சில் ஒரு கல்யாணம், டீச்சர் வாசிக்கப் போயிருக்கிறார் என்றார் வாட்ச்மேன்.

மாமா படிக்கட்டில் உட்கார்ந்தார். "சரி, விடுங்கோ ஓய். நமக்குப் பிராப்தம் இல்லை" என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதை உடனே கண்டுபிடித்துவிட்டேன். என் முகத்திலும் அதேதான் இருந்தது.

சுதாவும் கண்டுபிடித்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஆட்டோல ஏறுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேனே ஏறப் பார்த்தார்.

சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தாமதமாக வந்த போட்டோகிராபர் மாதிரி குனிந்துகொண்டே போய்க் கீபோர்டு அருகில் நின்றேன். "டீச்சர், சாவி!"

விரல்கள் நிற்கவில்லை. "திங்கக்கிழமைன்னாரே?"

"கண்ணு படாம இருக்கறதுக்கு டீச்சர்."

"சர்ச்சுக்குத்தான் வந்திருக்கார். அந்தப் பொய்க்கும் சேத்து மன்னிப்பு கேட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று கைப்பையை மோவாயால் காட்டினார்.

சாவியோடு திரும்பினால், கடைசி வரிசையில் கல்யாணக் கூட்டத்தோடு கூட்டமாக மாமா முழந்தாளிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் கேட்டேன். "என்ன மாமா வேண்டிக்கிட்டீங்க? சாவி கிடைக்கணும்னா, கிடைக்கக் கூடாதுன்னா?"

"அதை மட்டும் கேக்காதீங்கோ."

விமான நிலையத்தில் அதிகாரி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷம் ஊரையே விசாரித்த மனிதர் வாயடைத்துப் போனார். கடைசியில் என்னைக் காட்டி, "இவரோட" என்றார். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். மாமா மை காயும் வரை பாஸ்போர்ட்டை மூடாமல் ஊதிக்கொண்டே வந்தார்.

விமானத்துக்குள் அவருக்குப் பெல்ட் போடத் தெரியவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"ஓய், நான் இதுல ஏறினதே இல்லை" என்றார், ஜன்னலைப் பார்க்காமல்.

முழங்கால், மழை, வாழைக்காய் எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிண்டலடிக்க அருமையான சந்தர்ப்பம். அவர் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துச் சரிபார்த்தேன்.

"இது நிஜமாவே மேல போயிடுமா?"

"போயிடும் மாமா. நான் மாத்திரை போட்டிருக்கேன்."

விமானம் ஓட ஆரம்பித்தது. மாமா என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். மேகத்துக்கு மேலே போய், எச்சரிக்கை விளக்கு அணைந்து, எல்லோரும் பெல்ட்டைக் கழற்றிய பிறகும் விடவில்லை. பணிப்பெண் காபி கொண்டுவந்து நீட்டினாள். நல்ல வாசனை. வாங்க வேண்டுமானால் அந்தக் கையை எடுக்க வேண்டும்.

நான் காபி குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.